ஒன்பது தவளைகளும் ஒரு பிடி உப்பும்

அந்த ஒன்பது தவளைகளைக் கொன்றது வெயில் இல்லை. நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துத் திறந்து காட்டுகிற வித்தை எனக்குப் பிடிக்காது. இரண்டு வருஷம் மூடி வைத்ததே போதும்.

அந்த இரண்டு வருஷம் முடிகிற சமயத்தில்தான் எங்கள் மேடத்துக்கு விருது அறிவித்தார்கள். காடு, ஆறு, பூச்சி, பெயர் தெரியாத செடி என்று அழிந்துகொண்டிருக்கிற உயிர்களைக் காப்பாற்றப் பாடுபடும் விஞ்ஞானிகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை சென்னையில் கொடுக்கிறார்கள். கடற்கரையில் ஆமை முட்டைக்குக் காவல் இருந்த ஒருவருக்கு, கழுகுகளைக் கொல்கிற மாட்டு மருந்தை எதிர்த்துச் சண்டை போட்ட ஒருவருக்கு, தவளைக்காக எங்கள் மேடத்துக்கு. பாராட்டுரையில் இப்படி ஒரு வரி இருந்தது: “கடும் வெப்பத்தில் தவளைகள் மடிவதைப் பதிவு செய்து, அந்தச் சான்றைக் கொண்டே ஒரு காட்டின் நிழலைக் காத்தவர்.”

அந்த வரியில் மடிந்து கிடப்பவைதான் என் ஒன்பது. அந்த வரி பொய் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். விழாவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் சொல்வதா, அந்தப் பொய்யோடு அவரை மேடையில் ஏறவிடுவதா என்பதுதான் என் தொல்லை.

நான் பேரணாம்பட்டுக்காரன். இருபத்திரண்டு வருஷமாகத் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்போம். என் வேலைக்குச் செலக்‌ஷன் என்று பெயர். பதனிட்ட ஆட்டுத் தோலை மேசைமேல் விரித்து, கண்ணாலும் உள்ளங்கையாலும் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். முள் கிழித்த கீறல், உண்ணி கடித்த புள்ளி, வேலியில் உரசிய வடு எல்லாம் அதில் இருக்கும். ஆடு போய்ச் சேர்ந்து பல மாதம் ஆகியிருக்கும். அது எந்தக் காட்டில் மேய்ந்தது, எதில் சிக்கித் திமிறியது என்று தோல் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோல்கள் புரளும்போது தூக்கமும் இல்லாத, விழிப்பும் இல்லாத ஒரு நிலை எனக்கு வரும். கை அதுபாட்டுக்குப் பிரிக்கும். நான் ஏதோ ஒரு முள்காட்டில் ஆட்டோடு நடந்துகொண்டிருப்பேன். சூப்பர்வைசர் கத்தினால்தான் திரும்பி வருவேன்.

அப்படி ஒரு காலையில்தான் மேடம் வந்தார். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓடுகிற வீட்டுப் பெண். மாணவர்களுக்கு ஷாப்பைச் சுற்றிக் காட்ட வந்தவர், என் மேசை முன்னால் நின்றுவிட்டார்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே. எப்டி பிரிக்கிறீங்க?”

“கண்ணு இருந்தா தெரியும்.”

சூப்பர்வைசர் என்னை முறைத்தான். மேடம் சிரித்துவிட்டு, போனை எடுத்து நீட்டினார். கட்டை விரல் நுனி அளவுத் தவளைகள், மண் நிறம், பன்னிரண்டு படம்.

“சரி, இதுல எத்தன தவளை இருக்குது, சொல்லுங்க பாப்போம்.”

படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். “எட்டு.”

“பன்னெண்டு படம் இருக்குதே.”

“படம் பன்னெண்டு, தவள எட்டு. இதுவும் இதுவும் ஒண்ணு. முதுகுல இந்த வரப்பு எங்க ஒடையுது பாருங்க. அதுலயும் அதே எடத்துல ஒடையுது. ஆடா இருந்தா இன்னா, தவளையா இருந்தா இன்னா? தோலு தோலுதான்.”

அவர் சிரிப்பதை நிறுத்தினார். ஒரே தவளையை இரண்டு முறை எண்ணி, மலையில் நிறைய இருப்பதாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு அவர் தவளைகளில் மூன்றில் ஒரு பங்கை நான் இல்லாமல் செய்துவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

தோலு தோலுதான் என்று சொன்னேன் இல்லையா, அந்தத் திமிர்தான் பின்னால் ஒன்பது உயிரைத் தின்றது.

அடுத்த வருஷம் ஷாப்பில் வேலை கம்மியாகி வாரத்துக்கு நான்கு நாள் என்று ஆனது. மீதி நாட்களில் மேடத்தோடு மலைக்குப் போக ஆரம்பித்தேன். குடியாத்தத்தில் ஒரு பஸ் மாறி, பள்ளிகொண்டாவில் இன்னொன்று மாறி, ஒடுகத்தூர் போக வேண்டும். பஸ் பாலாற்றைத் தாண்டும்போது பாதித் தூக்கத்தில் இருப்பேன். தண்ணீர் இல்லாத ஆறு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெறும் மணல். விடியற்காலைப் பனி மணல்மேல் படுத்துக் கிடக்கும்போது மட்டும் ஆற்றில் ஏதோ ஓடுவது மாதிரி தெரியும். அது பனிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து பார்ப்பேன்.

ஒடுகத்தூரில் இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி ஏறினால் ஒரு மணி நேரத்தில் அந்தப் பாறை வரும். நாலு ஆள் உயரச் சுவர். மேலே மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அவற்றின் காலடியிலிருந்து பாறைமேல் தண்ணீர் ஓடாது, சொட்டாது, கசியும். சுவரே வியர்ப்பது மாதிரி. அந்த ஈரத்தில்தான் தவளைகள். குட்டையில் நீந்துகிற தலைப்பிரட்டையைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே தலைப்பிரட்டைகள் செங்குத்தான பாறையில், ஒரு தாள் கனம்கூட இல்லாத ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, விரல் நிழல் பட்டால் குதித்துக் குதித்துப் பாறையிலேயே ஓடின. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாண்ணா, மயக்கமா?” என்றார் மேடம். அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

“பேஜாரா இருக்குது மேடம். இதுக்குத் தண்ணி வேணுமா, வேணாமா?”

“அதுக்கே தெரியாதுண்ணா. ரெண்டுக்கும் நடுவுல இருக்குது.”

அங்கே சத்தம் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. பாறையில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் நகர்வது கேட்கும், தூங்குகிற பிள்ளை மூச்சு விடுவது மாதிரி. வருஷக்கணக்காக, தோல் புரட்டுகிற டிரம் உருளும் இரைச்சலில் கெட்டுப்போன காது என்னுடையது. அதற்கே கேட்டது. மத்தியானம்வரை கல் இடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்ப்போம். மேடம் படம் எடுப்பார். நான் முதுகைப் பார்த்து இது பழசு, இது புதுசு என்று சொல்வேன். ஷாப்புப் பழக்கத்தில் நானே அடையாளம் வைத்தேன். ஒன்று முள்ளுக்கீறல். ஒன்று உண்ணிப்புள்ளி. வயிறு வெள்ளையாக, முதுகில் ஒரு வடுகூட இல்லாமல் இருந்தது ஏ கிரேடு. மேடம் நோட்டில் எண் போடுவார், பக்கத்தில் நான் சொன்னதையும் எழுதிக்கொள்வார். எல்லாம் சேர்த்து நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். அந்தச் சுவரைத் தவிர அவை வேறு எங்கும் அகப்படவில்லை.

அந்தக் கோடை நாளுக்கு வருகிறேன்.

கசிவு குறைந்து, பாறையில் ஈரம் துண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. தவளைகள் இளைத்திருக்கின்றனவா என்று எடை பார்க்க மேடம் முடிவு செய்தார். அவருடைய குட்டித் தராசு காற்று பட்டாலே ஆடும். அதனால் ஒன்பது தவளைகளை நனைத்த லுங்கித் துணிப் பைகளில் போட்டு, கீழே ஒரு விவசாயியின் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். எடை பார்த்து முடித்து, ஒரு பேசினில் ஒரு விரல் அளவு தண்ணீரும் பாசியும் போட்டு விட்டோம். அப்போது மேடத்துக்குப் போன் வந்தது. அவர் அப்பா தறிப் பக்கத்தில் மயங்கி விழுந்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம்.

“தண்ணி தெளிச்சினே இருங்கண்ணா. நெழல்ல வைங்க. வெயில் தாழ்ந்ததும் அதது எடத்துல கொண்டு போய் விட்டுருங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. தகரத்துக்கு மேலே வெயில் முனகிக்கொண்டிருந்தது. வேர்க்கடலைக் கொல்லைமேல் காற்று நெளிந்து, தூரத்து மரங்கள் தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதந்தன. அரைத் தூக்கத்தில் பேசினைப் பார்த்தேன். ஏ கிரேடு மல்லாந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வெள்ளை வயிற்றில் சிவப்பாக ஒரு திட்டு. பக்கத்தில் இன்னொன்றுக்கும் தொடையில் அதே சிவப்பு.

தோல் ஷாப்பில் பதனிடாத பச்சைத் தோலில் சிவப்புத் திட்டு விழுந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோல் கெட ஆரம்பித்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்? உப்பு. நல்ல உப்பாக, கஞ்சத்தனம் இல்லாமல். லாரியில் வந்து இறங்குகிற தோல் எல்லாம் உப்பில் புரண்டுதான் வரும். உப்புதான் தோலுக்குக் காவல். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் கைக்குத் தெரியும். கஞ்சிக்கு என்று என் மனைவி காகிதத்தில் மடித்துக் கொடுத்த கல்லுப்பு பையில் இருந்தது. அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பேசினில் போட்டு, விரலால் கலக்கினேன்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. மேடம் வந்ததும் சொல்ல வேண்டும், சிவப்பு விழுந்தது, நான் விடவில்லை என்று.

பிறகு கண் அசந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கனவு வந்தது. செலக்‌ஷன் மேசையில் நகம் அளவுத் தோல்களை நான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே ஏ கிரேடு. எண்ண எண்ணத் தீரவில்லை. கண் விழித்தபோது பேசினில் ஒன்பதும் கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தன. தவளை அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்போதுதான் புரிந்தது. உப்பு காப்பது செத்த தோலை. நான் வாழ்நாள் பூராவும் தொட்டதெல்லாம் செத்த தோல். உயிரோடு இருக்கிற தோல் அதற்கு முன் என் கைக்கு வந்ததே இல்லை.

தண்ணீரைக் கொட்டினேன். பேசினைக் கழுவினேன். நல்ல தண்ணீர் ஊற்றி, செத்தவற்றை மறுபடி அதில் போட்டேன். இதெல்லாம் யோசித்துச் செய்தது. உப்பு போட்டது மடத்தனம், மன்னிக்கலாம். கழுவியது அயோக்கியத்தனம்.

சாயங்காலம் மேடம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். அப்பாவுக்குப் பரவாயில்லையாம். “விட்டுட்டீங்களாண்ணா?”

“வெயில் தாங்கல மேடம். ஒம்போதும் போயிடுச்சு.”

“என் தப்புண்ணா. கீழ எறக்கியிருக்கவே கூடாது. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க.”

போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் அவருடைய வெப்பமானி ஓடிக்கொண்டிருந்தது. எந்த மணிக்கு எவ்வளவு சூடு என்று அதில் இருந்தது. அதையும் ஒன்பது சாவையும் சேர்த்து அவர் எழுதி வைத்தார்.

கொஞ்ச நாளில், பாறைக்கு மேலே இருந்த மரங்களை வெட்டிப் பாதை போட்டு, சுற்றுலா வருகிறவர்கள் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. மரங்களில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். மேடம் மனு கொடுத்தார். நிழல் போனால் பாறை சுடும், சுட்டால் தவளை சாகும், இதோ ஒன்பது செத்ததற்குக் கணக்கு என்று அந்தக் காகிதத்தையும் இணைத்தார். பாதை போடுவதைத் தள்ளிப் போட்டார்கள். மரங்கள் நின்றன. என் பொய் நூறு மரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது. சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த மரங்கள் மேலே அசைவது கேட்கும், வாய் மூடிக்கொள்ளும். நல்ல சாக்கு.

பிறகுதான் விருது. செய்தித்தாளில் மேடத்தின் படம் போட்டு ‘தவளை ராணி’ என்று எழுதினார்கள். பதினோரு வருஷம் பாறையில் முட்டி தேய்த்தவருக்கு இப்படி ஒரு பட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் பிளெக்ஸ் பேனரே வைத்துவிட்டார்கள். மேடத்தின் படத்துக்குப் பக்கத்தில், ரேஷன் கார்டிலிருந்து எடுத்த என் முகம். சென்னையில் என்னையும் மேடைக்குக் கூப்பிடப் போவதாக மேடம் சொன்னதை என் மனைவி தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

டீக்கடையில் என் பழைய ஷாப்பு தோஸ்த் ஒருவன் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “இன்னாபா, தவளைக்கு அவார்டு குடுக்குறாங்களாமே. நம்ம ஊர் கொசுவுக்கு எப்ப?”

“உன் வாய்க்குக் குடுத்துட்டு அப்புறம் குடுப்பாங்க.”

“கோச்சிக்காதபா. பொன்னாட போத்துவாங்கல்ல, அது இன்னா தோலுன்னு தடவிப் பாத்துட்டு வந்து சொல்லு.”

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தேன். மனைவி முறத்தில் இலையை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். புது வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அதன் கை இரண்டும் மெல்ல ஆடின. நீட்டிக்கொண்டு கிடந்த கால்கள் ஞாபகம் வந்தது.

“அந்தச் சட்டைய எடுத்து உள்ள வெய்யி.”

“இன்னாய்யா ஆச்சு உனக்கு? அவார்டுன்னா ஊரே சந்தோசமா கீது. நீ இன்னாடான்னா சாவு வூட்டுக்காரன் மாதிரி சுத்துற.”

சாவு வீட்டுக்காரன்தான். அவளிடம் சொன்னேன். முதல்முதலாக வாயால் சொன்னது அவளிடம்தான். பீடி சுற்றுவதை அவள் நிறுத்தவில்லை. நூலைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: “நான் மடிச்சிக் குடுத்த உப்பா?”

“ஆமா.”

“அப்ப எனக்கும் பங்கு கீது. போய் சொல்லிட்டு வா. சொல்லாத வூட்டுக்கு வராத.”

மறுநாள் பாறைக்குப் போனேன். மழை முடிந்து கசிவு நன்றாக இருந்த காலம். மேகம் மலைமேல் இறங்கி, மரங்களுக்கு நடுவில் நடமாடிக்கொண்டிருந்தது. நாலடி தள்ளி எல்லாம் வெள்ளை. மேடம் ஒரு கல்மேல் உட்கார்ந்து காகிதத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். விழாவில் பேசப் போவதாம்.

“கேளுங்கண்ணா, சரியா இருக்குதான்னு. மொதல்ல நன்றி சொல்றேன். அப்புறம் நேரா அந்த ஒம்போதுக்கு வர்றேன். நான்தான் கொன்னேன், எறக்கினது என் தப்புன்னு அத்தன பேர் முன்னால சொல்லப் போறேன். ரெண்டு வருஷமா அது...”

“மேடம், நிறுத்துங்க.”

“நல்லா இல்லியா?”

“வெயிலு இல்ல மேடம். நான் உப்பு போட்டேன்.”

சொல்லிவிட்டேன். மேகம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னதை ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது.

“இன்னா போட்டீங்க?”

“உப்பு. செவப்பு விழுந்துச்சி. தோலு கெடுதுன்னு நெனச்சேன். எங்க ஷாப்புல அதத்தான் போடுவோம்.”

அவர் அழுவார், இல்லை என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பையைத் திறந்து நோட்டை எடுத்தார்.

“எவ்ளோ?”

“ஒரு புடி.”

“கைய காட்டுங்க. மூடுங்க. இவ்ளோவா? கல்லுப்பா, தூளுப்பா?”

“கல்லுப்பு.”

“போட்டப்ப மணி?”

“பன்னெண்டு இருக்கும்.”

“இருக்கும்னா? பன்னெண்டா, இல்லியா?”

“மத்தியானச் சங்கு ஊதி கொஞ்ச நேரம். பன்னெண்டு பத்து.”

“செவப்பு எதெதுக்கு இருந்துச்சி?”

“ஏ கிரேடு. அப்புறம் முள்ளுக்கீறல்.”

“மத்த ஏழுக்கு?”

“இல்ல.”

“இல்லாததுக்கும் போட்டீங்க.”

“ஆமா.”

எல்லாவற்றையும் எழுதினார். பிறகு நோட்டை மூடி, பேச்சுக் காகிதத்தை நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். காட்டில் குப்பை போட மாட்டார்.

“ரெண்டு வருஷம். பாறையில கைய வெக்கிறப்பல்லாம் அந்த ஒம்போதும் என் வெரல்ல இருந்துச்சி. தெரியுமா உங்களுக்கு? நான் அதுக்கப்புறம் ஒரு தவளையக்கூடத் தூக்கல. நீங்க பக்கத்துல நின்னு பாத்துனு இருந்தீங்க.”

பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“பின்னாடி வராதீங்க. நான் போனப்புறம் எறங்குங்க” என்றார். மேகத்துக்குள் போய்விட்டார். செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு பாறைக்குள் தண்ணீர் நகர்கிற சத்தம் மட்டும்.

ஊருக்குத் திரும்பியதும் ஏணி போட்டு ஏறி அந்த பிளெக்ஸில் என் முகம் இருந்த பாதியைக் கிழித்தேன். டீக்கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் ஜோக் அடிக்கவில்லை.

மேடம் இரண்டு கடிதம் அனுப்பியிருக்கிறார், எனக்குப் பிறகுதான் தெரியும். ஒன்று விருதுக்காரர்களுக்கு. இன்னொன்று மரம் வெட்டுவதைத் தள்ளிப் போட்ட ஆபீசுக்கு. தான் கொடுத்த சான்று தவறு, அதைத் திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தார். விருதுக்காரர்கள் பதினோரு வருஷ வேலைக்குத்தான் கொடுக்கிறோம், அந்த ஒரு வரியை எடுத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆபீசில் பைலை மறுபடி திறந்துவிட்டார்கள்.

விழா அன்று காலை நானும் மனைவியும் போனில் பார்த்தோம். உள்ளங்கை அளவுப் படம். அதற்குள் இவ்வளவு பூ, இவ்வளவு வெளிச்சம். மேடம் சின்னதாக, தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி நின்றார். குடியாத்தம் தறிப் பருத்திப் புடவை. நன்றி சொன்னார். பிறகு, ஒன்பது தவளைகள் எங்கள் பொறுப்பில் இருந்தபோது உப்புத் தண்ணீரில் செத்தன, வெப்பம் என்று நான் எழுதியது தவறு, அதை நம்பி யாராவது எழுதியிருந்தால் தயவுசெய்து திருத்துங்கள் என்றார். கை தட்டலாமா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை.

கீழே இருந்து ஒருவர் எழுந்து, அப்படியானால் தோல் ஷாப்பு உப்பு ஆற்றில் கலப்பதால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பெரிய கைதட்டல் கிடைத்திருக்கும்.

“இல்லைங்க. ஒரு ஆள், ஒரு பேசின், ஒரு புடி உப்பு. அவ்ளோதான் இதுல இருக்குது. ஆத்தப் பத்தித் தெரியணும்னா ஆத்துக்குப் போய்ப் பாக்கணும்” என்றார் மேடம். உட்கார்ந்துவிட்டார்.

“உன் பேர சொல்லவே இல்லியே” என்றாள் மனைவி.

“சொல்லாதது நல்லது.”

“நல்லதுதான்” என்று சொல்லி இலையை நனைக்கத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் போன் வரவில்லை. ஷாப்பில் தோல் புரட்டினேன். கை தானாகப் பிரிப்பது நின்றுவிட்டது. ஒவ்வொரு தோலையும் நானே பார்க்க வேண்டியிருந்தது. மலை எப்படி இருக்கும், கசிவு இருக்குமா, மரத்தை வெட்டிவிட்டார்களா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் குடியாத்தம் வண்டி கிளம்பும்போது மட்டும் நின்று பார்ப்பேன்.

ஒரு நாள் காலை போன் அடித்தது.

“அண்ணா, நாளைக்கு லீவு போட முடியுமா?”

“முடியும் மேடம்.”

“மரத்த வெட்டலாமா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. இந்தத் தடவ ஒழுங்கா அளந்து குடுக்கணும். தவளையத் தொட வேணாம். நெழல் இருக்குற பாறை, நெழல் இல்லாத பாறை, ரெண்டுலயும் காலைல இருந்து சாயங்காலம்வரைக்கும் மணிக்கு ஒரு தடவ சூடும் ஈரமும் எடுக்கணும். ஒரு வருஷம். ரெண்டு ஆளு வேணும்.”

“வர்றேன்.”

“உப்பு எடுத்துனு வராதீங்க. கஞ்சி வேணும்னா ஊட்லயே குடிச்சிட்டு வாங்க.”

போனேன். பாலாற்று மணல்மேல் அதே பனி. மரங்கள் நின்றன, சிவப்பு எண்களோடு. பாறைக்குக் கீழே மேடம் ஒரு டப்பாவில் சுத்தமான தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “கைய உடுங்க” என்றார். இரண்டு கையையும் மணிக்கட்டுவரை விட்டு வைத்திருந்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. எடுத்ததும், தண்ணீரில் உப்பு அளக்கிற பேனா மாதிரி ஒரு மீட்டரை அதில் முக்கினார். எண் ஏறி, இறங்கி, நின்றது. நோட்டில் எழுதினார்.

“இருக்குதா மேடம்?”

“இருக்குது. கம்மிதான். சோப்பு போட்டு இன்னொரு தரம் கழுவுங்க.”

கழுவினேன். புதுத் தண்ணீரில் மறுபடி விட்டேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது தடவைதான் சரி என்றார். இது இப்போது மலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் நடக்கிறது. அவர் என்னை நம்புவதில்லை. நான் அதைக் கேட்பதும் இல்லை. கை காய்ந்ததும் நிழல் பாறைக்கு நானும் வெயில் பாறைக்கு அவருமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறோம். மணிக்கு ஒரு தடவை அவர் அங்கிருந்து எண்ணைச் சொல்லிக் கத்துவார், நான் இங்கிருந்து கத்துவேன். நடுவில் மேகம் வந்தால் குரல் மட்டும் வரும்.

போன வாரம் என் முழங்காலுக்குப் பக்கத்தில், இடுக்கிலிருந்து ஒன்று வெளியே வந்து உட்கார்ந்தது. புதுசு. முதுகில் வடு எதுவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“மணி ஆச்சுண்ணா, எவ்ளோ காட்டுது?” என்று மேடம் கத்தினார்.

மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. அது உள்ளே போனதும் எழுந்து நின்று மறுபடி சொன்னேன்.